முதலில் கைவிடுவது எது? கடினமான மலையேற்றத்துக்குத் தயாராகும் முறை

நாள் முழுக்க ஏறி இறங்கும் மலைப்பாதையில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்களைக் கவனித்தால், மூச்சுப் பற்றாமல் நின்றவர்கள் குறைவு. குதிகாலில் கொப்புளம், இறக்கத்தில் வெடவெடக்கும் தொடை, காலையிலிருந்து ஒன்றும் போடாத வயிறு, பள்ளத்தைப் பார்த்ததும் நகர மறுக்கும் கால் என்று ஏதோ ஒன்று முதலில் கைவிட்டிருக்கும். மற்ற உறுப்புகளில் இன்னும் மூன்று மணி நேரத்துக்குத் தெம்பு இருந்திருக்கலாம். "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று தோன்றும் இடம் பெரும்பாலும் அந்த ஒன்றின் எல்லைதான். அது எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் எல்லையைத் தள்ளும் வழி. பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது அதில் சிறு பகுதி மட்டுமே.

எங்கிருந்து தொடங்குகிறீர்கள்?

கடந்த இரண்டு மாதங்களில் நடந்ததிலேயே கடினமான நடையை எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மாடிப்படி இறங்கக் கைப்பிடி தேவைப்பட்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு முந்தையதை எடுங்கள். தூரம், மொத்த ஏற்றம், முதுகுச்சுமை, எடுத்துக்கொண்ட நேரம் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். மொத்த ஏற்றம் என்பது சிகரத்தின் உயரத்திலிருந்து அடிவாரத்தின் உயரத்தைக் கழித்து வருவதல்ல. நடுவில் இறங்கி மறுபடி ஏறும் ஒவ்வொரு மேடும் அதில் சேரும். அடிவாரத்திலிருந்து 700 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிகரத்துக்கு, பாதை முகடு முகடாகப் போனால் 1,100 மீட்டர் ஏற வேண்டி வரலாம். வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு மலையேற்றத்தைக் கடினமாக்குபவை ஆறு: தூரம், ஏற்றம், சுமை, கடல்மட்டத்திலிருந்து உயரம், பாதையின் தன்மை, வானிலை. ஒரு தடவையில் இவற்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். ஏற்றத்தைக் கூட்டும் நாளில் சுமை பழையதாக இருக்கட்டும். பாறையும் சரளையுமான பாதையை முதன்முதலாகத் தொடும் நாளில் தூரத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்துக் கூட்டிவிட்டு முழங்கால் வலித்தால், சுமையால் வலித்ததா, இறக்கத்தால் வலித்ததா என்று தெரியாது. ஆறில் வானிலையை மட்டும் நீங்கள் வேண்டுமென்றே கூட்டக் கூடாது. அது தானாகக் கூடும். அதற்கான இடத்தை எப்போதும் காலியாக விட்டு வைக்க வேண்டும்.

நேரக் கணக்குக்கு, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 16 கிலோமீட்டர் தூரமும் 1,200 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 3 மணி 12 நிமிடம், அதோடு 2 மணி, ஆக 5 மணி 12 நிமிடம். இதில் ஓய்வு சேரவில்லை. நல்ல பாதையில் திடமான ஆள் நடப்பதற்கான கணக்கு இது. புதியவர்களும் கனமான பையோடு போகிறவர்களும் ஒன்றரையால் பெருக்கி, ஏறக்குறைய எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மூன்று நடைகளுக்குப் பிறகு, உங்கள் நேரம் இந்த விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது தெரிந்துவிடும். அதற்கப்புறம் அதுவே உங்கள் சொந்த விதி.

இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்களும், பல வருடங்களாக உடற்பயிற்சி இல்லாதவர்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

பன்னிரண்டு வாரம்

10 கிலோமீட்டர் தூரம், 500 மீட்டர் ஏற்றம் இப்போது சிரமமில்லாமல் முடிகிறது, 1,400 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒரு நீண்ட நடை. அதில் ஏற்றத்தை மட்டும் இப்படிக் கூட்டலாம்: 500, 575, 650, பிறகு 400, அடுத்து 750, 850, 950, பிறகு 550, அடுத்து 1,050, 1,150. கடைசி இரண்டு வாரம் பாதியாகவும் பிறகு இன்னும் குறைவாகவும் நடந்து உடம்பைத் தேற்றுங்கள். நான்காவது, எட்டாவது வாரங்களில் இறக்கி வைத்திருப்பதைத் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள். தசைநாரும் எலும்பும் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். தொடை "இன்னும் போகலாம்" என்று சொல்லும் வாரத்தில்தான் கணுக்காலுக்குப் பின்னாலும் முழங்காலுக்குக் கீழேயும் வலி தொடங்கும்.

இலக்கின் முழு 1,400 மீட்டரையும் பயிற்சியிலேயே ஏறிப் பார்க்க வேண்டியதில்லை. 80 சதவீதம் தொட்டிருந்தால் போதும்.

வாரத்தில் இன்னும் இரண்டு நாள், 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடையோ சைக்கிளோ. முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். எல்லாப் பயிற்சியையும் மூச்சிரைக்கச் செய்கிறவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்களே தவிர, எட்டு மணி நேரம் தாங்கும் உடம்பு அவர்களுக்கு வருவதில்லை.

பக்கத்தில் மலை இல்லாதவர்களுக்கு மாடிப்படி இருக்கிறது. ஒரு மாடி ஏறக்குறைய 3 மீட்டர் உயரம். பத்து மாடிக் கட்டடத்தை 20 தடவை ஏறினால் 600 மீட்டர். சுமை சேர்க்க, முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில்களை வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டி, மலைக்குக் கொண்டுபோகப்போகும் எடையோடு நிறுத்துங்கள். ஒரு நாள் நடைக்கு அது 6 முதல் 8 கிலோவுக்குள் இருக்கும். முகாமிட்டுத் தங்கும் பயணத்தில்கூட உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கம்தான் பரீட்சை

ஏறுவதற்குத் தயாராகும் அளவுக்கு இறங்குவதற்கு யாரும் தயாராவதில்லை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாவது இந்த வகை வேலையில்தான். மூச்சு வாங்காததால் ஓய்வெடுப்பதுபோலத் தோன்றும். ஆனால் இரண்டாயிரமாவது அடியில் தொடை நடுங்கத் தொடங்கும். தொடை தளர்ந்தால் அதிர்ச்சி முழங்காலுக்குப் போகும், கால் வைக்கும் இடம் தவறும், கணுக்கால் பிசகும்.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதற்கு வேகமாகப் பழகும். ஒரு தடவை மிதமாக இறங்கி வலித்த தசை, அடுத்த சில வாரங்களில் அதே இறக்கத்துக்கு மிகக் குறைவாகவே வலிக்கும். ஆகவே மாடிப்படிப் பயிற்சியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். முதல் மூன்று வாரம் மட்டும், சுமையோடு ஏறும் நாளில் மேலே போனதும் பாட்டில் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். பிறகு சுமையோடேயே இறங்கிப் பழகுங்கள்.

வீட்டில் செய்ய ஒரே ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், படியிலிருந்து மெதுவாக இறங்குவதைச் சொல்வோம். 20 சென்டிமீட்டர் உயரப் படியில் ஒரு காலில் நில்லுங்கள். மற்றக் காலை முன்பக்கமாக, மூன்று எண்ணும்வரை நிதானமாக இறக்கி, குதிகால் தரையைத் தொட்டதும் மேலே வாருங்கள். நிற்கும் காலின் முழங்கால் உள்பக்கம் சாயாமல், இரண்டாவது கால்விரலின் நேருக்கே இருக்க வேண்டும். சாய்ந்தால் படி உயரம் அதிகம். 10 சென்டிமீட்டருக்குக் குறையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை வீதம் மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். கூடவே ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 15 தடவை, மூன்று சுற்று.

மலையில் இறங்கும்போது அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலை முழுக்க நீட்டிப் பூட்டாதீர்கள், உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். பின்னால் சாய்ந்தால் பயம் குறைவதுபோல இருக்கும், ஆனால் குதிகால் வழுக்குவது அப்போதுதான். ஊன்றுகோல் இரண்டாக இருந்தால் முழங்காலுக்குப் போகும் பாரம் குறையும். சமதரையில் முழங்கை செங்கோணத்தில் மடங்கும் நீளம் சரி. ஏற்றத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைத்து, இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். கையைப் பட்டையின் கீழிருந்து மேலாக நுழைத்து, பட்டையோடு சேர்த்துப் பிடியுங்கள். கைகளை வைத்து ஏற வேண்டிய பாறை வந்தால் கோலை மடித்துப் பையில் செருகிவிட வேண்டும்.

பாதத் தோல்

ஷூவை மாலையில் வாங்குங்கள்; நாள் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலைக்குப் போடும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள். புது ஷூவோடு கடினமான மலைக்குப் போக வேண்டாம். குறைந்தது நான்கைந்து பயிற்சி நடைகளாவது அதில் முடிந்திருக்க வேண்டும்.

இறங்கத் தொடங்கும் முன் நின்று நாடாவை மறுபடி கட்டுங்கள். குதிகாலைப் பின்பக்கமாக இடித்து உட்கார வைத்து, கணுக்கால் பகுதியை இறுக்கினால் பாதம் முன்னால் வழுக்காது.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஒரு இடம் சூடாக உறுத்தும். அந்த நிமிடமே நின்று, ஷூவைக் கழற்றி, காயவைத்து, ஒட்டுப்பட்டை ஒட்டிவிட்டால் அதோடு முடிந்தது. "அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நடந்தால் அரை மணியில் தோல் பிரிந்து நீர் கோத்துவிடும். கூட வருகிறவர்களை நிறுத்தக் கூச்சப்பட்டே பலர் இதைத் தவறவிடுகிறார்கள், நிறுத்துங்கள். உடையில் பருத்தியைத் தவிர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஈரமான பருத்தி சீக்கிரம் உலராது: சாக்ஸாக இருந்தால் தோலை உரிக்கும், சட்டையாக இருந்தால் உச்சியில் காற்றடிக்கும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குளிர் கூடும் என்பதை மனதில் வைத்து, காற்றுக்கும் மழைக்கும் ஒரு மேலங்கி, ஒரு உலர்ந்த மாற்றுச் சட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

ஏறும் நாள்

முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக நடங்கள். உங்களுக்கே எரிச்சல் வரும் அளவுக்கு. காலையில் இருக்கும் உற்சாகத்தில் வேகமாக ஏறினால், மாலைக்கு வேண்டிய சர்க்கரை அப்போதே எரிந்துவிடும். உடம்பில் சேமித்திருக்கும் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம்தான். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும்.

செங்குத்தான ஏற்றத்தில் ஓய்வடி என்ற முறை இருக்கிறது. ஒரு காலை மேலே வையுங்கள், எடையை உடனே அதில் ஏற்றாதீர்கள். பின்காலின் முழங்காலை நேராக்கி, எலும்பின்மேல் எடையை நிறுத்தி ஒரு நொடி நில்லுங்கள். முன்கால் தொடை அந்த ஒரு நொடி இளைப்பாறும். பிறகு மேலே. ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு. ஆமை வேகமாகத் தெரியும், ஆனால் இப்படிப் போகிறவர் நிற்க வேண்டியிருக்காது. ஓடி ஓடி நின்று மூச்சு வாங்குகிறவரை அவர் மதியத்துக்குள் தாண்டிப் போய்விடுவார்.

பசிக்கும்வரை காத்திராமல் முதல் மணி முடிவிலேயே சாப்பிடத் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளே போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். உலர்பழம் 50 கிராம் எடுத்தாலே முப்பதைத் தாண்டும். எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதைப் பயிற்சி நடைகளிலேயே சாப்பிட்டுப் பாருங்கள், வயிறும் பழக வேண்டும். சாப்பிட மறந்தால் என்ன ஆகும்? திடீர்ச் சோர்வு, கை நடுக்கம், காரணமில்லாத கோபம், "திரும்பிவிடலாம்" என்ற நினைப்பு. இதை மனபலக் குறைவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இனிப்பாக எதையாவது சாப்பிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவில், வெயிலில் முக்கால் லிட்டர் வரை. பயிற்சி நடைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் உங்கள் கணக்குத் தெரியும்: குறைந்த ஒரு கிலோ என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர் பற்றாக்குறை. அதற்காக லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ள தின்பண்டமோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது தாங்குவது, எப்போது திரும்புவது

இரண்டு காலிலும் ஒரே மாதிரி மந்தமான வலி, எரிச்சல், அலுப்பு: இவை தாங்கக்கூடியவை, எல்லை நகர்வது இந்த இடத்தில்தான். ஒரே பக்கத்து மூட்டில் குத்தும் வலி, நடையையே மாற்ற வைக்கும் வலி, நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல்: இவற்றைத் தாங்கக் கூடாது. நொண்டத் தொடங்கினால் அன்றைக்கு ஏற்றம் முடிந்தது என்று அர்த்தம்.

மனம் கைவிடும்போது சிகரத்தைப் பார்க்காதீர்கள். அடுத்த வளைவு, அடுத்த பெரிய பாறை என்று இலக்கைச் சின்னதாக்குங்கள், அல்லது நூறு அடி எண்ணுங்கள். பள்ளத்தைக் கண்டு பயம் வருகிறவர்கள், தாழ்வான பாதுகாப்பான பாறைகளில், துணையோடு, இரண்டு கை இரண்டு காலில் மூன்று எப்போதும் பிடிமானத்தில் இருக்கும்படி பல நாள் பழக வேண்டும். பெரிய மலையில் வைத்து அந்தப் பயத்தைச் சோதிக்கக் கூடாது.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே குறித்துவிடுங்கள். சூரியன் 6 மணிக்கு மறைகிறது என்றால், இரண்டு மணி நேரம் மிச்சம் வைத்து மாலை 4 மணிக்குக் கீழே இருக்க வேண்டும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் கையில் பத்து மணி நேரம். ஏற ஆறு, இறங்க நான்கு என்று பிரித்தால் நண்பகல் 12 மணி. அந்த நிமிடம் உச்சி கண்ணெதிரே இருபது நிமிடத் தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும். கடினமான முடிவு என்பது உண்மைதான். அதனால்தான் தெளிவான மனதோடு முன்கூட்டியே எடுக்கச் சொல்கிறோம். களைத்த மூளைக்கு உச்சி மட்டுமே தெரியும். அந்த நேரத்தைக் கூட வருகிறவர்களுக்கும், வீட்டில் இருக்கும் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். பகல் நடையானாலும் தலைவிளக்கு, விசில், செல்போனில் இணையம் இல்லாமலே திறக்கும் வரைபடம் வேண்டும். உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு.

இடி கேட்டால் மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் முகட்டைவிட்டு உடனே இறங்க வேண்டும். தனியாக நிற்கும் மரத்தடி கூடாது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் மேலே ஏற வேண்டாம்.

2,500 மீட்டருக்கு மேலே

இங்கே பயிற்சி கைகொடுக்காது. உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோயிலிருந்து உடல் திடம் காப்பதில்லை. திடமானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கு ஆபத்து கூடுவதும் உண்டு. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டரைத் தாண்டியதும், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்குங்கள். பகலில் மேலே போய்வந்து கீழே தூங்கலாம்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், மிகுந்த அசதி சேர்ந்தால் அதே இடத்தில் தங்குங்கள். குறையும்வரை ஒரு மீட்டர்கூட ஏற வேண்டாம், கூடினால் இறங்குங்கள். ஒருவர் தடுமாறினால், தரையில் கோடு போட்டு, ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரலோடு ஒட்டி வைத்து நேராக நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலும், இருமலில் நுரை வந்தாலும் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் இரவென்றாலும் உடனே இறக்க வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது. விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் உயிர்கள் போகின்றன. தடுப்பு மாத்திரை வேண்டுமென்றால் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

திரும்பி வந்த பிறகு

தசைவலி மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். மெதுவாக நடப்பது நல்லது. தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கறுத்த பழுப்பில் போனால் அது வேறு. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த கடினமான நடைக்கு முன் பத்துப் பதினைந்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

வந்த அன்று இரவே, நினைவு மங்குமுன், முதலில் எழுதிய அதே தாளில் தூரம், ஏற்றம், சுமை, நேரம் நான்கையும் எழுதிவிட்டு, ஐந்தாவதாக ஒரு வரி சேருங்கள்: முதலில் கைவிட்டது எது, எத்தனையாவது மணியில். மூச்சு என்றால், வாரநாட்களின் நிதான நடையை ஒன்றரை மணிக்கு நீட்டுங்கள். தொடை என்றால் படிப்பயிற்சியில் கையில் எடை சேருங்கள். தோல் என்றால் ஷூவும் சாக்ஸும் மாற வேண்டும், வயிறு என்றால் உணவு. பயம் என்றால் அடுத்த மாதம் தூரமும் ஏற்றமும் அப்படியே நிற்கட்டும். தாழ்வான பாறைகளுக்குப் போங்கள்.